ஆறு தோங்குகளும் ஒரு பசுவின் காலும்

குப்பைத் தோங் லாரிக்காரனை யாரும் வீட்டுக்குள் வந்து உட்காரச் சொல்வதில்லை. கேட்டுக்கு வெளியே நிறுத்தியே பேசி முடித்து அனுப்பிவிடுவார்கள். இருபது வருஷமாக அப்படித்தான். எனக்கு அதில் வருத்தமும் இல்லை. சாயங்காலம் என் சட்டை இருக்கும் லட்சணத்துக்கு நானே என்னை உள்ளே விடமாட்டேன்.

என்ன தொழில் என்று கேட்பவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் சமையலறையை நீட்டுகிறீர்கள், குளியலறையை உடைத்துக் கட்டுகிறீர்கள். உடைத்த கல், ஓடு, மண், பலகை எல்லாம் வாசலில் மலையாகக் குவிகிறது. அப்போது எனக்குப் போன் வரும். ஒரு சின்ன அறை அளவுக்கு இருக்கும் இரும்புத் தோங்கை லாரியில் கொண்டுவந்து உங்கள் வாசலில் இறக்கிவிட்டுப் போவேன். நிரம்பியதும் லாரியின் கொக்கியில் மாட்டி ஏற்றி, அனுமதி உள்ள கொட்டுமிடத்துக்குப் போய், வரிசையில் நின்று, எடை போட்டு, கொட்டி, சீட்டு வாங்கி வருவேன். கண்ட இடத்தில் கொட்டவில்லை என்பதற்கு அந்தச் சீட்டுதான் சாட்சி.

என்னிடம் ஒரு லாரி, ஆறு தோங். கூட வேலை செய்ய மணி அண்ணன், என்னைவிட ஐந்து வயது மூத்தவர். போன் எடுக்க என் மனைவி சாந்தி. வீடு மலாக்காவில், பத்து பெரண்டாம் என்ற இடத்தில்.

போன தீபாவளிக்கு முன்னும் பின்னுமாக ஒரு மாதத்தில் நடந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் செய்த ஒரு தப்பில் ஒரு சினைப்பசுவின் உயிர் ஊசலாடியது. இருபது வருஷம் சேர்த்த என் பெயரும் அதோடு சேர்ந்து ஆடியது. லாரி வைத்துப் பிழைப்பவர்களுக்கும் வீடு கட்டி நொந்தவர்களுக்கும் இது சட்டென்று புரியும்.

தாமானுக்கே பொது

முதலில் எங்கள் தாமானிலேயே, அதாவது குடியிருப்பிலேயே, நாலு தெரு தள்ளி ஒரு வீடு. புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் ஃபேக்டரி வேலை. குளியலறையை உடைக்கிறார்கள். காலையில் தோங்கை இறக்கிவிட்டு, சாயங்காலம் போய்ப் பார்த்தால் நிரம்பி வழிகிறது! குளியலறைக் கல் அடியில் ஒரு முழத்துக்குத்தான் இருந்தது. அதற்கு மேலே இரண்டு மெத்தை, ஒரு மீன் தொட்டி, துருப்பிடித்த தையல் மெஷின், சக்கரம் இல்லாத சைக்கிள், முள்ளோடு வெட்டிப் போட்ட காகிதப்பூச் செடி.

எங்கள் தொழிலில் இது புதுசு இல்லை. தோங் வந்து இறங்கினால் போதும், தெருவில் இருக்கும் எல்லாருக்கும் வீட்டைச் சுத்தம் செய்ய ஆசை வந்துவிடும். தீபாவளி மாதத்தில் கேட்கவே வேண்டாம். கல்லோடு மெத்தையைக் கொண்டுபோனால் கொட்டுமிடத்தில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதனால் நானும் மணி அண்ணனும் உள்ளே இறங்கி ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தோம். ஒரு நாள் வேலை அதிலேயே போனது. முள் கிழித்து மணி அண்ணன் கையில் ரத்தம். பக்கத்து வீட்டு அம்மா கேட்டில் சாய்ந்துகொண்டு வேடிக்கை பார்த்தார். மெத்தை அவருடையது என்று அவர் முகத்திலேயே தெரிந்தது. "ஏம்மா, இது இவங்க காசு கட்டி எடுத்த தோங்காச்சே" என்றேன். அந்தம்மா கொஞ்சமும் அசரவில்லை.

"காலியாத்தான கெடந்துச்சு தம்பி, சீக்கிரம் நெறஞ்சா ஒங்களுக்குத்தானலா வேல சீக்கிரம் முடியும்?"

பாயின் கூரை

போன ஒரு நாளை ஈடுகட்டுவதற்குள் அடுத்தது வந்தது. மலாக்கா டவுனில் ஒரு பழைய கடைவீடு. மளிகைக் கடை காதர் பாய் கூரையை மாற்றுகிறார். கல்லும் மரமும் என்று போனில் சொல்லியிருந்தார். போய்ப் பார்த்தால் வேலையாட்கள் அஸ்பெஸ்டாஸ் தகடுகளைச் சுத்தியலால் உடைத்து உடைத்துத் தோங்கில் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஒருத்தர் மூக்கிலும் துணி இல்லை. வெள்ளைத் தூசி பறக்கிறது. மணி அண்ணன் வழக்கம்போலத் தோங்கில் ஏறப் போனார். நான் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

அந்தத் தகட்டை உடைக்கக்கூடாது, அதன் தூசி நுரையீரலுக்கு விஷம். நனைத்து, முழுசாகக் கழற்றி, தடித்த பிளாஸ்டிக்கில் சுற்றி வைத்தால், அதற்கென்று லைசென்ஸ் எடுத்தவர் வந்து கொண்டுபோவார். சாதாரணக் கல்லோடு நான் கொண்டுபோகக்கூடாது. பாயிடம் சொன்னேன். பாய் நல்ல மனுஷன், பெருநாள் தவறாமல் எங்கள் வீட்டுக்குப் பிரியாணி வரும். ஆனால் அன்றைக்கு அவருக்கு அவசரம். "மேல நாலு செங்கல்லப் போட்டு மூடிட்டா யாருக்குத் தெரியப்போவுது?" என்றார். நான் முடியாது என்றேன். அவர் சத்தம் போட, நானும் போட்டேன். தெருவே திரும்பிப் பார்த்தது. கடைசியில் தண்ணீர் அடித்து, கான்வாஸ் போட்டு மூடி, லைசென்ஸ்காரர் வரும் வரைக்கும் நாலு நாள் அந்தத் தோங் அங்கேயே நின்றது.

கிளம்பும்போது பார்த்தேன். பாய் கல்லாவில் உட்கார்ந்து, கூரை இல்லாத இடத்தில் தெரிந்த வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோபமெல்லாம் வடிந்துபோயிருந்தது. அவருடைய அத்தாவும் அதே கல்லாவில் உட்கார்ந்து வியாபாரம் பார்த்தவர்தானாம். கடைசி இரண்டு வருஷம் மூச்சுக்குத் தவித்தே போய்ச் சேர்ந்தாராம்.

"நாப்பது வருஷமா இதுக்கு அடியிலதான் ஒக்காந்திருக்கேன் தம்பி, இப்ப வந்து வெஷம்னு சொல்றியே, நான் யார்ட்டப் போயி கேக்குறது?"

கமலா அக்காவின் நிலை

கிளேபாங்கில் கமலா அக்கா வீடு. ஆஸ்பத்திரியில் மிஸ்ஸியாக, அதாவது நர்ஸாக, வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கணவர் இறந்து மூன்று வருஷம். முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு அக்கா நடைவண்டி பிடித்துத்தான் நடக்கிறார். அந்த வண்டி வாசலில் நுழையவில்லை. அதனால் முன் சுவரை உடைத்து வாசலை அகலப்படுத்துகிறார். கூடவே பழைய கழிவறையையும் உடைத்தாயிற்று.

பழைய வாசலின் மர நிலையைக் கழற்றிச் சுவரில் சாத்தியிருந்தார்கள். நல்ல கெட்டி மரம். வெள்ளிக்கிழமை தவறாமல் மஞ்சள் குங்குமம் வைத்து வைத்து நிறமே மாறிப்போயிருந்தது. பக்கவாட்டில் ஒரு சின்னப் பலகை, வீட்டு எண்ணும் தெருப் பெயரும். கணவர் தன் கையால் எழுதியதாம். அவர் போர்டு எழுதுகிற தொழில் செய்தவர். வீடு கட்டியபோது பூசை போட்டு நிறுத்திய நிலையைக் கழிவறைக் கல்லோடு சேர்த்துப் போட நம் வீடுகளில் யாருக்குத்தான் மனசு வரும்? அக்காவுக்கு அதை வைத்துக்கொள்ளவும் இடமில்லை. அலோர் காஜாவில் பழைய மரத்தை வாங்கி அறுத்துப் பெஞ்சு செய்கிற ஒருத்தரை எனக்குத் தெரியும். சாக்கில் சுற்றி மேலாக வைத்துக் கொண்டுபோய் அவரிடம் கொடுக்கிறேன், என் கையாலேயே இறக்குகிறேன் என்று சொன்னேன். அக்கா நடைவண்டியைப் பிடித்தபடி என்னையே பார்த்தார்.

"அவரத் தூக்கிட்டுப் போனப்ப கடைசியாத் தாண்டுன வாசல் தம்பி இது, குப்பையோட குப்பையாப் போட்டுறாதீங்க."

ஒரே ஒரு நடை

தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது லாரியில் ஹைட்ராலிக் குழாய் வெடித்தது. எண்ணெய் ரோடெல்லாம் ஊற்றிவிட்டது. கொக்கி தூக்கவில்லை. சாமான் வர இரண்டு நாள் ஆகும் என்று பட்டறையில் சொல்லிவிட்டார்கள். ஒரு தோங் பாய் கடையில் முடங்கியிருக்கிறது, மற்ற ஐந்தும் நிரம்பி நிற்கின்றன. வீடு கழுவி வாசலில் கோலம் போடுகிற நேரத்தில் யார் வாசலில்தான் குப்பைத் தோங் நிற்கலாம்? சாந்தியின் போன் ஓயவில்லை. கமலா அக்கா வீட்டில் மறுநாள் காலை சிமெண்டு போட ஆள் வருகிறார்கள், தோங் நகர்ந்தே ஆகவேண்டும்.

அப்போதுதான் வேறொரு லாரிக்காரனுக்குப் போன் செய்தேன். பெயர் வேண்டாம். தேத்தண்ணிக் கடையில் பார்த்துப் பேசுகிற பழக்கம். அவன் லாரியில் என் தோங் மாட்டும். கண்ட இடத்தில் கொட்டுகிறான் என்று நாலு பேர் சொல்லிக் கேள்விப்பட்டும் இருந்தேன். தெரியாது என்று இப்போது சொன்னால் அது பொய். ஒரே ஒரு நடைதானே என்று மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். சாக்கில் சுற்றிய நிலையை மட்டும் மரக்காரரிடம் இறக்கச் சொன்னேன். சரிண்ணே சரிண்ணே என்றான்.

கிளேபாங்கில் ஏற்றி, கொட்டுமிடத்தில் வரிசையில் நின்று, கொட்டிவிட்டு என் வீட்டுக்குத் திரும்ப மூன்று மணி நேரமாவது ஆகும். அவன் ஒன்றேகால் மணி நேரத்தில் வந்து நின்றான். தோங்கைத் தண்ணீர் ஊற்றிக் கழுவி வேறு வைத்திருந்தான். எந்த லாரிக்காரன் அடுத்தவன் தோங்கைக் கழுவித் தருவான்? சாந்தி என்னைப் பார்த்தாள். நான் தோங்கைப் பார்த்தேன். சீட்டு எங்கே என்று கேட்டேன், அதுவும் பாதிக் குரலில். அவன் இஞ்சினைக்கூட நிறுத்தவில்லை.

"சீட்டு என்னாத்துக்குண்ணே, தோங் காலியா இருக்குல்ல, போய் அடுத்த வேலயப் பாருங்கலா!"

நம்பர் பலகை

நானும் அடுத்த வேலையைத்தான் பார்த்தேன். லாரி சரியானது, மற்ற தோங்குகளைக் கொட்டிச் சீட்டு வாங்கி வந்தேன். நாலாவது நாள் கமலா அக்கா போன் செய்தார். "தம்பி, கொஞ்சம் வீட்டுக்கு வரீங்களா" என்றார், அவ்வளவுதான்.

போனபோது புது வாசலுக்கு எதிரே ஒரு பெண் நின்றுகொண்டிருந்தார். நாற்பது வயதிருக்கும். ஃபேக்டரி யூனிஃபார்ம், கையில் ஹெல்மெட். இன்னொரு கையில் அந்த நம்பர் பலகை, அதோடு ஒட்டிப் பிய்ந்து வந்த ஒரு துண்டு மரம். பெயர் பவானி. அலோர் காஜா தாண்டி ஒரு பழைய எஸ்டேட்டில் குடியிருக்கிறார், நாலு மாடு வைத்திருக்கிறார். மாடு போகிற வழியில் யாரோ ஒரு லோடு கல்லையும் மரத்தையும் கொட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். மரத்தில் நின்ற ஆணி அவருடைய சினைப்பசுவின் குளம்பில் ஏறிவிட்டது. பலகையில் இருந்த விலாசத்தைப் பிடித்துக்கொண்டு, வேலை முடிந்த கையோடு மோட்டார் சைக்கிளில் வந்துவிட்டார். "டவுன்ல ஒங்களுக்கு வீடு அழகா இருக்கணும், குப்ப மட்டும் எங்க மாட்டு வழியில கெடக்கணுமா?" என்று கமலா அக்காவின் முகத்துக்கு நேராகக் கேட்டுக்கொண்டிருந்தார். அண்டை வீட்டுக்காரர்கள் எல்லாம் வெளியே வந்துவிட்டார்கள். மிட்டாய்த் தாளைக்கூட ரோட்டில் போடாத மனுஷி கமலா அக்கா. தலை குனிந்து நின்றார்.

ஒன்றும் தெரியாது, யாரோ மரத்தைத் திருடியிருப்பார்கள் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். ஒரு நிமிஷம் அந்த யோசனை வந்தது, மறைக்க விரும்பவில்லை. ஆனால் அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "அவங்க மேல தப்பில்லம்மா, அது என் தோங். நான்தான் ஒருத்தன்கிட்டக் குடுத்துவிட்டேன், எங்க கொட்டுறான்னு பாக்காம விட்டுட்டேன்" என்றேன். கமலா அக்கா அந்தப் பலகையை வாங்கி முந்தானையால் மண்ணைத் துடைத்தார். என்னைத் திட்டியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன்.

"எல்லாத்தையும் விட்டுட்டு இந்த ஒரு சாமானத்தான தம்பி ஒங்க கையில ஒப்படைச்சேன்?"

மாட்டு வழி

பவானியின் மோட்டார் சைக்கிளுக்குப் பின்னாலேயே லாரியை ஓட்டிக்கொண்டு போனேன். ஒரு காலத்தில் ரப்பர் எஸ்டேட். இப்போது எங்கும் எண்ணெய் எடுக்கிற செம்பனை. ரப்பர் மரங்களை வெட்டி அழித்தபோது வேலை போனவர்களுக்குக் கொடுத்த சின்ன வீடுகள் இருபது, ஓரமாக நிற்கின்றன. பவானி பகலில் ஃபேக்டரி, காலையும் மாலையும் மாடு என்று இருக்கிறவர்.

செம்பனை வரிசைக்கு நடுவே, ஒரு ஓடையை ஒட்டி, குப்பை கிடந்தது. கமலா அக்கா வீட்டுக் கழிவறைக் கல்லை நான் பார்த்ததுமே கண்டுகொண்டேன், நீலப் பூப் போட்டது. நிலை இரண்டாக உடைந்து கல்லுக்கு அடியில் மாட்டியிருந்தது. சாக்கு ஒரு பக்கம் கிழிந்திருந்தது, சுற்றிக் கட்டிய கயிறுகூட அவிழ்க்கப்படவில்லை. பக்கத்திலேயே வேறு வேறு வீடுகளின் குப்பையும் நாலைந்து குவியல். ஓடைத் தண்ணீர் சிமெண்டு கலந்து வெள்ளையாக நின்றது.

லெட்சுமி என்று அந்தப் பசுவுக்குப் பெயர். செவலை. பின்னங்கால் ஒன்றைத் தூக்கிக்கொண்டு மூன்று காலில் நின்றது. குளம்புக்கு மேலே பானை போல வீங்கியிருந்தது. கன்று போட இன்னும் இருபது நாள். மாட்டு டாக்டர் வந்து ஊசி போட்டிருக்கிறார், சீழ் எலும்புக்குப் போகாவிட்டால் பிழைக்கும், போய்விட்டால் எழுந்து நிற்காது, அப்புறம் தாயும் கன்றும் இரண்டுமே சந்தேகம்தான் என்று சொல்லியிருக்கிறார். காலில் அடிபட்ட மாட்டை வாங்கிக்கொள்ள ஒருத்தர் தேடி வந்தாராம். பவானி கொடுக்கவில்லை. தன் கையால் வளர்த்ததை வெட்டுக்கு அனுப்ப மாட்டேன் என்று திருப்பி அனுப்பிவிட்டார். நான் பசுவின் பக்கத்தில் போய் நின்றேன். அது என் கையை மோந்து பார்த்தது. பவானி அதன் கழுத்தைத் தடவிக்கொண்டே பேசினார், இந்தத் தடவை குரலில் கோபம் இல்லை.

"அதுக்கு என்னா தெரியும்ண்ணே, நேத்து வரைக்கும் வழியா இருந்தது, இன்னிக்கும் வழிதான்னு நம்பிக் கால வச்சிருச்சு."

கவுண்டரில்

அந்த லாரிக்காரன் போனை எடுக்கவில்லை. மறுநாள் காலை சாந்தியிடம் சொன்னேன், புகார் கொடுக்கப் போகிறேன் என்று. புகார் என்றால் அவன் பெயர் மட்டும் போகாது. தோங் என்னுடையது, வாடகை எடுத்தவர் என்னிடம் எடுத்தவர், லைசென்ஸ் என் பெயரில். அதைப் பிடுங்கிவிட்டால் எனக்கு வேறு தொழில் தெரியாது. சாந்தி தோசைக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "போய்ட்டு வாங்க, இல்லாட்டி ஒவ்வொரு தடவ போன் அடிக்கும்போதும் எனக்கு வயிறு பகீர்ங்கும்" என்றாள்.

குப்பைப் புகாரைப் பார்க்கிற நகராண்மை ஆபீஸ் அலோர் காஜாவில். கவுண்டரில் ஒரு தமிழ்ப் பெண், சின்ன வயது. புகார் பாரத்தை நிரப்பிக் கொடுத்தேன். குப்பை கிடக்கும் இடம், கொட்டியவர், தோங்கின் சொந்தக்காரர் என்று மூன்று கட்டம். மூன்றாவது கட்டத்தில் என் பெயரை எழுதியிருந்தேன். உள்ளேயிருந்து மலாய் அதிகாரி ஒருவர் வந்தார். மரியாதையாகத்தான் பேசினார். விசாரணை முடியும்வரை வாடகைக்குத் தோங் விடக்கூடாது, அங்கே கிடப்பதை அள்ளிச் சரியான இடத்தில் கொட்டுவதற்கு மட்டும் லாரியை எடுக்கலாம் என்றார். தீபாவளி நேரத்தில் தொழில் நின்றது. அதிகாரி போனதும் அந்தப் பெண் என் பாரத்தை இன்னொரு தடவை படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"எல்லாரும் அடுத்தவங்க குப்பைக்குத்தான் அங்கிள் கம்ப்ளைன் பண்ண வருவாங்க, ஒங்க குப்பைக்கு நீங்களே வந்திருக்கீங்களே!"

காந்தம்

நாலு நாள் அள்ளினோம். மணி அண்ணனுக்குத் தீபாவளிச் சட்டைகூட வாங்கப் போக நேரமில்லை. மரம் தனியாக, இரும்பு தனியாக, கல் தனியாக. எங்கள் குப்பை ஒரு தோங்தான். மற்ற குவியலெல்லாம் யார் யாருடையதோ. எங்களுடையதை மட்டும் அள்ளிவிட்டுப் போவோம் என்று எனக்குத் தோன்றியதுண்டு. முதுகு விட்டுப்போயிருந்தது, நாலு நாளாக வருமானமும் இல்லை. ஆனால் பவானியின் மற்ற மூன்று மாடுகளும் இன்னும் அந்த வழியாகத்தான் தண்ணீருக்குப் போய்க்கொண்டிருந்தன.

கல்லை அள்ளிவிடலாம், ஆணியை எப்படி அள்ளுவது? மண்ணிலும் செம்பனை மட்டையிலும் ஒளிந்துகொண்டு கிடக்கிறது. மணி அண்ணன்தான் வழி கண்டுபிடித்தார். பழைய ஸ்பீக்கர்களை உடைத்து ஆறு காந்தம் எடுத்து, ஒரு துடைப்பக் கட்டையில் வரிசையாகக் கட்டி, கயிறு போட்டு மாட்டு வழி முழுக்க இழுத்தார். பத்தடிக்கு ஒரு தடவை தூக்கிப் பார்த்தால் ஆணி, திருகாணி, கம்பித் துண்டு எல்லாம் மீசை மாதிரி தொங்கும். ஒரு பெரிய பால்மாவு டின் நிறைந்து, அடுத்ததும் பாதி நிறைந்தது. உடைந்த நிலையின் இரண்டு துண்டையும் கமலா அக்காவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். திரும்பி வந்து, நம்முடையது முடிந்ததே, மிச்சத்தை ஆபீஸில் பார்த்துக்கொள்ளட்டுமே என்று மணி அண்ணனிடம் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். அவர் கயிறு இழுப்பதை நிறுத்தவில்லை.

"மாட்டுக் காலுக்கு இது யார் வீட்டு ஆணின்னு தெரியுமாடா, பேசாம மம்முட்டிய எடு."

பசு குப்பை இல்லை

தீபாவளி வந்தது, போனது. எண்ணெய் தேய்த்துக் குளித்தேன், சாந்தி செய்த முறுக்கை லெட்சுமிக்கு மருந்து போடப் போகும்போது பவானிக்கும் கொண்டுபோனேன். தினமும் சாயங்காலம் போவேன். காலைக் கழுவி மருந்து கட்ட, ஒரு ஆள் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஒரு நாள் வீக்கம் வடிந்த மாதிரி இருக்கும், பிழைத்துவிடும் என்று சந்தோஷமாகத் திரும்புவேன். மறுநாள் மறுபடியும் வீங்கியிருக்கும். தீபாவளி முடிந்த நாலாம் நாள் அது படுத்தது, பிறகு எழவில்லை.

மறுநாள் காலையில், நாள் வரும் முன்பே, படுத்தபடியே கன்று போட்டது. கிடாரிக் கன்று, நெற்றியில் வெள்ளை. லெட்சுமி அதை நக்கிக் காயவைத்துவிட்டு, மதியத்துக்குள் போய்விட்டது. பவானி போன் செய்தார். வீட்டைச் சுற்றிப் பள்ளமான ஈர நிலம், கிணறும் பக்கத்தில், அங்கே புதைக்க முடியாது. மேட்டு நிலத்துக்குக் கொண்டுபோக வேண்டும், லாரியைக் கொண்டுவர முடியுமா என்று கேட்டார். எனக்கு இன்னும் தடை நீங்கவில்லை. ஆனால் பசு குப்பை இல்லையே, யார் என்ன கேட்டுவிடுவார்கள்?

இருப்பதிலேயே நல்ல தோங்கை எடுத்தோம். சாந்தி இறங்கி மூன்று தடவை தேய்த்துக் கழுவினாள், மஞ்சள் தண்ணீர் தெளித்தாள். அடியில் வைக்கோல் பரப்பினேன். அங்கே போய்த் தோங்கைத் தரையில் இறக்கிப் பின்கதவைத் திறந்துவைத்தோம். எட்டுப் பேர் சேர்ந்து லெட்சுமியைக் கான்வாஸில் வைத்து உள்ளே இழுத்தோம். நெற்றியில் மஞ்சள் குங்குமம், கொம்பில் மஞ்சள் துணி. மேட்டில் குழி தயாராக இருந்தது. மண் தள்ளும்போது நான் அழுதுவிட்டேன். இத்தனை வருஷம் எத்தனையோ வீட்டு இடிபாட்டை அள்ளியிருக்கிறேன், ஒரு நாளும் அப்படி வந்ததில்லை. பவானி என்னைச் சபிப்பார் என்று நினைத்தேன், சபித்தாலும் நியாயம்தான். அவர் குழி மேல் கடைசிப் பிடி மண்ணைப் போட்டுவிட்டு வீட்டுப் பக்கம் நடந்தார். நான் லாரியை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். கொட்டகைக் கம்பத்தில் கட்டியிருந்த கன்று, லாரிச் சத்தம் கேட்டதும் ஆடுகிற கால்களோடு கயிற்றை இழுத்துக்கொண்டு கம்பத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. நான் இஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி, இனி இந்தப் பக்கம் வந்து உங்களைத் தொந்தரவு பண்ண மாட்டேன்ம்மா என்றேன். பவானி கன்றின் வாயில் பால் புட்டியை வைத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் சொன்னார்.

"வராம இருந்தா எப்படிண்ணே, இந்த வழியில செம்பனை லாரி ஓடத்தான் போவுது, வாரத்துக்கு ஒரு தடவ வந்து நின்னு இந்தப் புள்ளைக்கு அந்தச் சத்தத்தப் பழக்கிவிட்டுப் போங்க."

இந்தத் தொழிலில் இருக்கும் உங்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: ஆளில்லாத இடம் என்று நினைத்து எங்கே கொட்டினாலும் அங்கே ஒரு பக்கத்து வீட்டுக்காரர் இருக்கத்தான் செய்கிறார், அவருக்கு நாலு கால் இருந்தால் கவுண்டரில் வந்து பாரம் நிரப்ப மாட்டார், அவ்வளவுதான் வித்தியாசம்.